பிணைச்சல்: ஒரு முழங்காலின் சூரிச் வரலாறு

1866 ஆம் ஆண்டு சூரிச்சில் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் கூட்டமொன்றில், உடற்கூற்றியல் பேராசிரியர் ஹெர்மான் ஃபொன் மையர் நெடுக்காக அறுத்த மனித எலும்புகளைக் காட்டினார். எலும்பின் முனைகளுக்குள் இருக்கும் பஞ்சுபோன்ற பகுதி கண்டபாட்டுக்கு அமைந்ததல்ல, அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது அவர் வாதம். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல. கார்ல் குல்மான், சூரிச் பொலிடெக்னிக்கில் பாலமும் கூரையும் கட்டக் கற்பித்த பொறியியற் பேராசிரியர். ஈஃபல் கோபுரத்தின் முதல் வரைபடத்தைப் பின்னாளில் வரைந்த மோரிஸ் கோக்லன் அவருடைய மாணவர்தான். தொடையெலும்பின் தலைக்குள் ஓடிய மெல்லிய கோடுகளைக் கண்ட குல்மானுக்கு, பாரம் தூக்கும் கிறேன் ஒன்றுக்குத் தான் வரையும் விசைக்கோடுகள் நினைவுக்கு வந்தன. இரண்டும் ஒரே வடிவம். மையர் அதை 1867 இல் கட்டுரையாக வெளியிட்டார். பேர்லினைச் சேர்ந்த யூலியுஸ் வொல்ஃப் அந்த எண்ணத்தை மேலும் கொண்டுபோய், 1892 இல் ஒரு விதியாகவே எழுதினார். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதே அந்த விதியின் சாரம்.

நான் வரலாற்றாசிரியன் அல்ல. 1986 இல் இந்த நாட்டுக்கு வந்து, முப்பது வருடங்களுக்கு மேலாக சூரிச்சின் சமையலறைகளில் நின்றபடி வேலை செய்தவன். 2018 ஒக்டோபரில், எனக்கு 53 வயதில், வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை அறுத்து, காலின் கோணத்தைத் திருத்தித் தகடு பூட்டினார்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த காரியம் பதினான்கு மாதம் இழுத்தது. அந்த நாட்களில் வாசித்ததையும் அனுபவித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சுவிஸில் எங்கள் முதல் தலைமுறை இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் வயதுக்கு வந்துவிட்டது. இந்தக் கதை எனக்கு மட்டும் உரியதல்ல.

எலும்பைத் திருத்தும் மருத்துவத்துக்குப் பெயர் வைத்தவர் பிரான்சின் நிக்கொலா ஆன்றி. 1741 இல் அவர் எழுதிய நூலுக்காக, 'நேர்', 'குழந்தை' என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஓர்தோபெடி' என்ற சொல்லை உண்டாக்கினார். வளைந்த இளமரத்தை ஒரு முளையோடு கயிற்றால் கட்டியிருக்கும் படம் அந்த நூலில் உண்டு. இன்றும் உலகெங்கும் என்பியல் மருத்துவர்களின் சின்னம் அதுதான். அந்த எண்ணத்துக்கென்று ஒரு மருத்துவமனை முதலில் எழுந்தது சுவிஸில். வோ மாநிலத்தின் ஓர்ப் என்ற சிறு ஊரில் 1780 இல் ஜோன் அந்திரே வெனெல் என்ற மருத்துவர், கோணற்பாதத்தோடு பிறந்த பிள்ளைகளை மாதக்கணக்கில் தங்கவைத்து, மரத்தாலும் தோலாலும் செய்த கருவிகளால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். கத்தி இல்லை. பொறுமைதான் மருந்து.

எங்கள் ஊரிலும் கத்தியில்லாத மருத்துவம் இருந்தது. கை கால் முறிந்தால் ஒட்டகப்புலத்துக்குப் போய்ப் புக்கை கட்டியவர்களை யாழ்ப்பாணத்தில் எல்லாக் குடும்பமும் அறியும். கத்தியின் மருத்துவமும் எங்களுக்கு அந்நியமல்ல. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்து, 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தது 1867 இல். மையரின் கட்டுரை சூரிச்சில் அச்சேறிய அதே வருடம். இந்த ஒற்றுமையில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. ஆனாலும், எலும்பைப் பற்றித் தமிழில் பேசச் சொல் கிடையாது என்று யாரும் சொன்னால் அந்த வருடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

கோணலை நிமிர்த்த எலும்பையே அறுப்பது ஒரு துணிச்சலான யோசனை. சீழ் பிடித்தால் கால் போகும், சில வேளை உயிரே போகும். லிஸ்டரின் கிருமிநீக்க முறை வந்த பிறகுதான் அது பரவலாகச் சாத்தியமானது. கிளாஸ்கோவில், வெயில் காணாமல் எலும்பு வளைந்த தொழிலாளர் பிள்ளைகளின் கால்களை வில்லியம் மக்யூவன் உளியால் வெட்டி நேராக்கினார். 1880 இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1895 இல் ரொண்ட்கன் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்ததும் மருத்துவர்களால் எலும்பைத் தோலுக்கு வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. அந்த ரொண்ட்கனும் சூரிச் பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்து 1868 இல் வெளியேறியவர். இந்த நகரத்தில் எலும்பும் பொறியியலும் திரும்பத் திரும்ப ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன.

முழங்காலின் கணக்கும் பொறியியற் கணக்குத்தான். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அது முழங்காலின் நடுவை ஒட்டிப் போகவேண்டும். கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்தவர்களுக்கு அந்தக் கோடு உட்பக்கம் விலகிப்போகிறது. உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலின் உட்பாதியில் விழ, அங்கே குருத்தெலும்பு தேய்கிறது. தேயத்தேயக் கால் இன்னும் வளைகிறது. வளையவளைய இன்னும் தேய்கிறது. வெளிப்பாதியோ புதிதுபோல் இருக்கும். ஆகவே தேய்ந்ததைத் திருத்த முடியாவிட்டாலும், பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றலாமே என்பதுதான் இந்தச் சத்திரசிகிச்சையின் யோசனை. ஒருபக்கம் சரிந்த வண்டிலில் மூட்டையை மறுபக்கம் தள்ளி வைப்பது போல.

மூட்டுத் தேய்மானத்துக்காக இதைச் செய்ததைப் பற்றி இங்கிலாந்தின் ஜக்சன் 1958 இல் எழுதினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மார்க் கவென்றி 1965 இல் தன் முறையை வெளியிட்டார். அவர் வெளிப்பக்கத்திலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டு எலும்பை எடுத்துவிட்டு இடைவெளியை மூடினார். எலும்பு நன்றாக ஒட்டியது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் பாதத்தைத் தூக்கவைக்கும் நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் பாதம் தொங்கிவிடும். சிறிய எலும்பையும் வெட்டவோ விடுவிக்கவோ வேண்டும். கோணம் ஓரிரு பாகை பிசகினால் திரும்பத் திருத்துவது கடினம். வாரக்கணக்கில் மாவுக்கட்டு வேறு. 1970 களில் செயற்கை முழங்கால் நன்றாக வந்ததும், எலும்பை அறுக்கும் வழியைப் பல மருத்துவர்கள் கைவிட்டார்கள்.

அது திரும்பி வந்த பாதை சுவிஸ் வழியாகத்தான். 1958 நவம்பர் 6 அன்று பீல் நகரின் எலீட் ஹோட்டலில் 13 மருத்துவர்கள் கூடி ஒரு குழுவை அமைத்தார்கள். ஆ.ஓ என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் முன்னோடி மோரிஸ் முல்லர், சூரிச்சின் பல்கிறிஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றியவர். பல்கிறிஸ்ட் 1912 இல் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்ஹெல்ம் ஷுல்ட்டெஸ். இன்றும் சூரிச்சில் அவர் பெயரில் ஒரு கிளினிக் இருக்கிறது. முறிந்த எலும்பை மாவுக்கட்டிலும் தொங்கவிட்ட பாரத்திலும் மாதக்கணக்கில் அசையாமல் வைத்தால், எலும்பு ஒட்டினாலும் மூட்டு இறுகித் தசை வற்றிவிடும். அதற்குப் பதிலாகத் தகடும் திருகாணியும் கொண்டு உறுதியாகப் பூட்டி, உடனேயே அசைக்கவேண்டும் என்றார்கள் இவர்கள். எலும்பை இயந்திரம்போலப் பூட்டுகிறார்கள் என்று பழைய மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள்.

அவர்களை எதிர்கொள்ள ஆ.ஓ கையில் எடுத்தது பதிவேட்டை. செய்த ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் படிவம், எக்ஸ்றே, பின்தொடர்ந்த முடிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். சரிவந்ததும் சேர்ந்தது, பிழைத்ததும் சேர்ந்தது. 1960 டிசம்பரில் டாவோஸில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. தகடுகள் உலகம் முழுவதும் போயின. ஆனால் அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு அந்தப் படிவம்தான் என்று நான் நினைக்கிறேன்.

2000 ஆம் ஆண்டையொட்டி, திருகாணியின் தலையும் தகட்டில் பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுகள் வந்தன. லுட்சேர்னின் அலெக்ஸ் ஸ்டவ்ப்லி, ஜேர்மனியின் பிலிப் லோபன்ஹொஃபர் போன்றவர்கள் அவற்றை முழங்காலுக்குப் பயன்படுத்தினார்கள். இப்போது ஆப்பை எடுப்பதில்லை. உட்பக்கத்திலிருந்து எலும்பை அறுத்து, வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரை அறுக்காமல் விட்டு, மெல்லமெல்லத் திறந்து, திறந்த வாய்க்குக் குறுக்கே தகட்டைப் பூட்டுகிறார்கள். 92 பேரின் ஆரம்ப முடிவுகள் 2003 இல் வெளியாகின. வெளிப்பக்க நரம்பு தப்பியது. மாவுக்கட்டு போனது. ஆனால் எலும்பில் இப்போது ஒரு வாய் திறந்திருக்கிறது. அது தானாக நிரம்பவேண்டும்.

இந்த இடத்தில்தான் என் கால் வரலாற்றுக்குள் வருகிறது.

மருத்துவர் விளக்கியபோது மகள் பக்கத்தில் இருந்தாள். டொச் எனக்குத் தெரியும், ஆனால் சமையலறை டொச். "அப்பா, முழுக்க வெட்டுறேல்லையாம். கொஞ்சம் விட்டிட்டுக் கதவு மாதிரித் திறப்பினமாம். அந்த விட்ட இடத்துக்கு ஷார்னியர் எண்டு பேர். தமிழில என்ன?" என்றாள். "பிணைச்சல்" என்றேன். சூரிச்சில் பிறந்த பிள்ளை அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டாள். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். சத்திரசிகிச்சையின் டொச் பெயரில் 'உம்ஷ்டெல்லுங்' என்று ஒரு சொல் வரும். மாற்றி வைப்பது என்று அர்த்தம். புது இடத்துக்கும் புது வாழ்க்கைக்கும் பழகிக்கொள்வதையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நாங்கள் எலும்பில்லாமலே முப்பது வருடம் செய்தவர்கள்.

செயற்கை மூட்டுக்கு என் வயது குறைவு என்றார்கள். எனக்கும் என் சொந்த முழங்கால் வேண்டும். பாரம் தூக்கவேண்டும், அட்லிஸ்வில் முருகன் கோயிலில் நிலத்தில் இருக்கவேண்டும். செயற்கை மூட்டோடு சம்மணம் கட்டி இருப்பது பலருக்கு முடியாது. இந்த வழி பத்து வருடமாவது தாக்குப்பிடிக்கக்கூடும், பிறகு தேவைப்பட்டால் மூட்டை மாற்றலாம் என்றார்கள். சம்மதித்தேன். ஒன்பது பாகை திருத்தினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஊன்றுகோல், இரத்தம் உறையாமலிருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றில் நானே போடும் ஊசி, ஒரு கட்டளை: வலது காலில் 15 கிலோவுக்கு மேல் பாரம் போடாதே. குளியலறைத் தராசில் பாதத்தை வைத்து, முள் 15 இல் நிற்கும்வரை அழுத்திப் பழகவேண்டும். அரிசியும் உருளைக்கிழங்கும் நிறுத்தே காலம் போக்கியவனுக்கு 15 கிலோவைக் கை அறியும், கால் அறியாது. ஒரு கிழமையில் அறிந்துகொண்டது.

ஆறாம் வாரத்து எக்ஸ்றேயில் பிணைச்சலில் ஒரு மெல்லிய வெடிப்புத் தெரிந்தது. எலும்பைத் திறக்கும்போதோ பின்னரோ இது நேரக்கூடியது. இந்த முறையின் மிக அறியப்பட்ட சிக்கல்களில் ஒன்று. ஜப்பானிய மருத்துவர் தக்கெஉச்சி 2012 இல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார். முதல் வகை பெரும்பாலும் தானே ஆறும், மற்ற இரண்டும் அவ்வளவு அமைதியானவை அல்ல. கதவு ஆடாமல் நிற்பது பிணைச்சலால். அது வெடித்தால் திறந்த வாயின் எலும்பு நுண்ணளவில் ஆடும். ஆடும் இடத்தில் புது எலும்பு பாலம் போடாது. புதிய எலும்பு வளர்வதும் பிணைச்சல் பக்கத்திலிருந்து தொடங்கித்தான். இன்னும் ஆறு வாரம் 15 கிலோ என்றார்கள்.

நாலாம் மாதம் வாய் அப்படியே இருந்தது. இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி மிகக் குறைவு. எங்கள் தோல் நிறத்துக்குச் சூரிச்சின் குளிர்கால வெயில் போதாது. அதிலும் விடிய முன்னர் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வெளியே வருகிறவனுக்கு வெயில் எங்கே? கிளாஸ்கோவில் மக்யூவன் வெட்டிய பிள்ளைகளை நான் நினைத்தது அப்போதுதான். புகைத்தலும் நீரிழிவும் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். எனக்கு இரண்டும் இல்லை. எங்கள் ஆட்களில் நீரிழிவு எத்தனை வீட்டில் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஏழாம் மாதம் இரண்டாவது சத்திரசிகிச்சை. இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வாய்க்குள் நிரப்பி, வெளிப்பக்கம் ஒரு சிறு தகட்டையும் பூட்டினார்கள். இந்த முறை முழங்காலைவிட இடுப்புத்தான் கூட நொந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில், வாயின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் தெரிந்தது. "பாலம்" என்றார் மருத்துவர். குல்மான் கற்பித்ததும் பாலம்தான்.

அதற்குப் பிறகு கட்டளை தலைகீழானது. இப்போது பாரம் போடு என்றார்கள். முதலில் பாரத்துக்குப் பயந்த எலும்பு, இப்போது பாரம் இல்லாமல் பலக்காது. வொல்ஃபின் விதி என் காலில் நடந்தது. வற்றிப்போன தொடைத்தசையைப் பிசியோதெரபியில் திரும்ப வளர்க்க, எலும்பு ஒட்டுவதற்கு எடுத்த அளவு காலம் எடுத்தது. முழங்காலை மடக்குவதைவிட முழுதாக நிமிர்த்துவது கடினமாக இருந்தது. படி ஏறுவதைவிட இறங்குவது கடினம். குளிரில் தகடு இருக்கும் இடம் விண்விண்ணென்று வலிக்கும். பின்னர் தகடுகளைக் கழற்றியதும் அது போயிற்று.

இதற்குக் காசு யார் கொடுத்தது என்பதும் வரலாறுதான். சுவிஸில் 1918 இல் தேசிய விபத்துக் காப்புறுதி நிறுவனம் இயங்கத் தொடங்கியது. வேலையில் விழுந்து கால் முறிந்தால் அது விபத்து. முப்பது வருடம் கல் நிலத்தில் நின்று, பாரம் தூக்கி, முழங்கால் தேய்ந்தால் அது நோய். தேய்மானத்துக்குப் பரம்பரை, உடல்நிறை, பழைய காயம், வேலை என்று பல காரணம் உண்டு. இதில் வேலையின் பங்கு இவ்வளவு என்று நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாது. ஆகவே கணக்கு 1996 இலிருந்து எல்லோருக்கும் கட்டாயமான நோய்க் காப்புறுதிக்குப் போகிறது. மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக எங்கள் ஆட்கள் பலர் 2500 பிராங்க் கழிவுத்தொகையைத் தெரிவுசெய்வார்கள். அந்தத் தொகைவரை செலவு தங்கள் கையால். என் சிகிச்சை இரண்டு வருடங்களில் விழுந்தது, கழிவுத்தொகையும் இரண்டு தரம். உணவகத் தொழிலின் கூட்டு ஒப்பந்தப்படி சம்பளத்தின் 80 வீதம் நோய்க்காலத்தில் கிடைத்தது. மிச்ச 20 வீதம்தான் ஊருக்கு அனுப்பும் காசு. காலில் வெடித்த பிணைச்சலை அங்கே ஒரு குடும்பமும் உணர்ந்தது.

பதினான்காம் மாதம் அரைநேர வேலைக்குத் திரும்பினேன். பழைய இடமல்ல. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில், இருந்தபடி செய்யக்கூடிய வேலைகளும் கலந்த இடம். மையர் 1858 இல் சப்பாத்தின் சரியான வடிவம் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருக்கிறார். அதை அறிந்த பிறகு வேலைச் சப்பாத்தைப் பார்த்து வாங்குகிறேன். கோயிலில் நிலத்தில் இருக்கிறேன், எழும்பும்போது தூணைப் பிடிக்கிறேன்.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதன் சிக்கலைத் தீர்த்தது, தனக்கென ஒரு சிக்கலைப் பெற்றுக்கொண்டது. சீழ் போய் நரம்பு வந்தது. நரம்பு போய்ப் பிணைச்சல் வந்தது. பெரும்பாலானோருக்கு இந்தச் சிகிச்சை நல்லபடி முடிகிறது. என்னைப் பார்த்து யாரும் பயந்து விலகத் தேவையில்லை. ஆனால் முன்னேற்றம் வந்தது, பிழைத்ததையும் எழுதி வைத்தவர்களால். நாங்களோ தொலைபேசியில் "இப்ப சுகம்" என்று மட்டும் சொல்லுகிற ஆட்கள். அகதி விண்ணப்பம், நாடுகடத்தல், வழக்கு எல்லாம் எழுதினோம். இந்த நாட்டின் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் தேய்ந்த முழங்கால், தோள், நாரி பற்றி ஒரு பக்கம் எழுதவில்லை. பெற்றோருக்காக மருத்துவர் அறையில் மொழிபெயர்த்த பிள்ளைகளிடம்தான் அந்தப் பதிவேட்டில் பாதி இருக்கிறது. அவர்களும் எழுதவேண்டும். கத்திக்குச் சம்மதிக்க முன்னர் கேட்கவேண்டியவற்றையும் எழுதவேண்டும்: எத்தனை பாகை, பிணைச்சல் வெடித்தால் என்ன செய்வீர்கள், எத்தனை மாதம் வேலையில்லை, விற்றமின் டியும் சீனியும் பார்த்தாயிற்றா, ஒட்டாவிட்டால் அடுத்த வழி என்ன?

என் பங்குக்கு என் படிவத்தை இங்கே நிரப்பி வைக்கிறேன். ஆண், 53 வயது, சமையலறைத் தொழிலாளி. வலது கால், 2018 ஒக்டோபர், ஒன்பது பாகை. ஆறாம் வாரம் பிணைச்சலில் வெடிப்பு. ஏழாம் மாதம் இரண்டாவது சத்திரசிகிச்சை. பத்தாம் மாதம் பாலம். பதினான்காம் மாதம் வேலை. வலி: படி இறங்கும்போது மட்டும்.